பக்கத்து மோட்டார் ஓடும்போது என் போர்வெல்லில் என்ன நடந்தது

கோடையில் என் போர்வெல்லில் தண்ணீர் நூலாக வந்தது. மோட்டாரைத் தூக்கிப் பார்த்தோம், பழுதில்லை. இன்னும் ஆழப்படுத்தச் சொன்னார்கள். "முதலில் மட்டத்தை அளந்து பாரப்பா" என்றார் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர். அவரே சொல்லியும் கொடுத்தார். இரும்பு டேப்பின் நுனியில் சில அடிகளுக்கு சாக்பீஸைத் தேய்த்து, கேசிங் (போருக்குள் இறக்கிய குழாய்) ஓரமாக உள்ளே விட வேண்டும். வெளியே எடுத்தால் நனைந்த இடம் மட்டும் கருத்துத் தெரியும். 100 அடி விட்டதில் 4 அடி நனைந்திருந்தது. அப்படியென்றால் தண்ணீர் 96 அடியில் இருக்கிறது. அது விடியற்காலையில்.

மதியம் மறுபடி அளந்தேன். என் மோட்டார் ஓடவே இல்லை, மட்டம் 105 அடிக்குப் போயிருந்தது. சுற்றிலும் மூன்று தோட்டங்களில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு போரில் இறைத்தால் அதைச் சுற்றி நீர்மட்டம் கூம்பு மாதிரி இறங்கும். அந்தக் கூம்புகள் ஒன்றோடொன்று கலக்கும் இடத்தில்தான் என் போர் இருந்திருக்கிறது. நால்வரும் பேசி முறை வைத்துக்கொண்டோம். அந்தப் பயிர் தப்பியது. ஆனால் மறுவருடம் அதே மாதம் விடியற்காலையில் அளந்தால் 96 இல்லை, 99 அடி. முறை வைத்ததில் சண்டை தீர்ந்தது, தண்ணீர் கூடவில்லை.

மறுமொழி:
அண்ணா, நானும் சொட்டுநீருக்கு மாறியதும் பிரச்சினை தீர்ந்தது என்று நம்பினேன். மிச்சமான தண்ணீரில் இரண்டு ஏக்கர் கூடுதலாகப் பயிர் வைத்தேன். மட்டம் முன்பைவிட வேகமாக இறங்கியது. வாய்க்கால் பாய்ச்சலில் வேருக்குக் கீழே கசிந்த தண்ணீர் நிலத்தடிக்கே திரும்பிக்கொண்டிருந்தது. அதை நான் வீண் என்று நினைத்திருக்கிறேன். சொட்டுநீர் நல்லதுதான், பரப்பைக் கூட்டியதுதான் தப்பு.

மறுமொழி:
கசிவு பற்றிச் சொன்னது சரி. அமெரிக்காவின் ஆல்-அமெரிக்கன் கால்வாயில் கசிவைத் தடுக்கக் கான்கிரீட் போடும் திட்டம் வந்தபோது, எல்லைக்கு அந்தப்புறம் மெக்சிகோவின் மெக்சிகாலிப் பள்ளத்தாக்கில் எதிர்ப்பு கிளம்பியது. அங்கிருந்த பல கிணறுகளுக்கு அந்தக் கசிவுதான் ஊற்றாக இருந்தது. இன்னொன்று: கலிபோர்னியாவின் சான் வாகீன் பள்ளத்தாக்கில் அளவுக்கு மீறி இறைத்ததால் 1925 முதல் 1977 வரை ஓரிடத்தில் நிலமே சுமார் 9 மீட்டர் தாழ்ந்தது. தண்ணீர் போன களிமண் அடுக்கு அமுங்கிவிட்டால், பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் பெரும்பாலும் பழையபடி விரியாது. இதைப் படித்த பிறகுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது.

முதலில் எழுதியவர்:
இதைக் கேட்டு எனக்கும் மனசு கனக்கிறது. அளக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: மோட்டாரை நிறுத்தி எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் நோட்டில் எழுதிவையுங்கள். அதை எழுதாததால் என் முதல் ஆறு மாதக் கணக்கில் பெரும்பாலானதை எதனோடும் ஒப்பிட முடியவில்லை.