புதுப்பிப்பு: கிளுவை வேலியில் ‘டக் டக்’ என்றது எந்தப் பறவை?

பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு முன் இங்கே இரண்டு கேள்விகள் கேட்டிருந்தேன். காங்கேயம் அருகே எங்கள் வீட்டுக் கொல்லையில் தவிட்டுக் குருவிகளை இருமுறை எண்ணாமல் இருப்பது எப்படி? கிளுவை முட்செடிகளால் ஆன உயிர்வேலிக்குள் ‘டக் டக்’ என்று குரல் மட்டும் கொடுப்பது எது? பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

முதல் கேள்விக்கு, “ஒரே பார்வையில் கண்ட அதிகபட்ச எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள்” என்ற அக்காவின் யோசனையே கைகொடுத்தது. ஐந்து, பிறகு எட்டு, பிறகு ஆறு என்று வந்தால் எட்டு என்றுதான் குறிக்க வேண்டும்; கூட்டக்கூடாது. தவிட்டுக் குருவிகள் கூட்டமாகவே சுற்றிச் சுற்றி வருவதால் இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

குரல் கொடுத்த பறவையை வெளியே வரவழைக்கத் தானியம் உதவவில்லை. கம்பு தூவினால் புறாக்களும் அணில்களும்தான் வந்தன. அது பூச்சி தின்னும் பறவை என்பது பிறகுதான் விளங்கியது. வேலியோரம் ஆழமில்லாத மண்தட்டில் தண்ணீர் வைக்கச் சொன்ன அண்ணனுக்குத்தான் பெருமை. வெயில் ஏறியதும் குளிக்க வெளியே வந்தது: மங்கிய பழுப்பு, நீண்ட அலகு, வெளிறிய தொண்டை, இறக்கையில் பட்டை இல்லை. பிளைத் நாணல் கதிர்க்குருவி! மத்திய ஆசியப் பக்கம் இனப்பெருக்கம் செய்துவிட்டு, இந்தச் சிற்றுயிர் குளிர்காலத்துக்கு நம் வேலிக்கு வருகிறது.

எதிர்பாராதது, மாலையில் சோளக்காட்டின் மேல் பறந்த சூறைக்குருவிக் கூட்டம். பத்துப் பறவைகள் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று பார்த்து, அந்த அளவால் கூட்டத்தை மதிப்பிட்டேன். பட்டியலில் ‘மதிப்பீடு’ என்றே குறித்திருக்கிறேன்.