எக்கோ வேண்டாம் என்ற ஹஜ்ரத்

செவ்வாய்ப்பேட்டை மைக் செட்காரர்:

இருபத்தைந்து வருடமாகச் சேலத்தில் மைக் செட் தொழில் செய்கிறேன். காதுகுத்து, கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று எங்கே போனாலும் 'சத்தத்தை ஏற்றுங்கள்' என்பதுதான் எனக்குக் கிடைக்கும் ஒரே கட்டளை. சென்ற மாதம் கோட்டையில் ஒரு ஷாதி மஹாலில் முஸ்லிம் பிள்ளைகளுக்குக் கிராஅத் (குர்ஆனை முறைப்படி இனிமையாக ஓதுவது), ஹிஃப்ள் (அதை மனப்பாடமாக ஓதுவது), பேச்சுப் போட்டிகள் நடந்தன. ஓதுவது இனிமையாகக் கேட்கட்டும் என்று கொஞ்சம் எக்கோ கலந்து வைத்திருந்தேன். நடுவராக வந்த ஹஜ்ரத், அதாவது மார்க்க அறிஞர், இரண்டு வரி கேட்டதுமே கையை உயர்த்திவிட்டார்.

"எக்கோவைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள் பாய். ஸீனும் ஸாதும் ஸேயும் எனக்கு ஒன்றாகவே கேட்கின்றன."

அவை மூன்றும் அரபு எழுத்துகள். நம் காதுக்கு மூன்றுமே 'ஸ'தான். அவருக்கோ மதிப்பெண்ணே அதில்தான் இருக்கிறது. (என்னைப் பாய் என்று அழைத்ததை நான் திருத்தவில்லை. மாலை வரை பாயாகவே இருந்துவிட்டேன்.)

ஹிஃப்ள் போட்டியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். குர்ஆனில் ஏதோ ஓர் இடத்திலிருந்து நடுவர் ஒரு வரியை எடுத்துக் கொடுப்பார். பிள்ளை அங்கிருந்து பார்க்காமல் தொடர வேண்டும். 30 பாகங்கள், 114 அத்தியாயங்கள், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வசனங்கள். எந்த இடம் வரும் என்று யாருக்குத் தெரியும்? தடுமாறினால் நடுவர் ஒரு சொல்லை எடுத்துக் கொடுப்பார். அதற்கு லுக்மா என்று பெயர். கவளம் என்று பொருளாம். பசித்த வாய்க்கு ஒரு வாய்ச் சோறு. ஆனால் கவளத்துக்குக் கவளம் மதிப்பெண் குறையும்.

பன்னிரண்டு வயதிருக்கும், ஒரு பையன் அர்ரஹ்மான் அத்தியாயம் ஓதினான். அதன் 78 வசனங்களில் ஒரே வசனம் 31 முறை திரும்பத் திரும்ப வருகிறது. கேட்பவர்களுக்கு அது பல்லவி மாதிரி சுகம். ஓதுபவனுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாற்சந்தி. அடுத்து எந்தத் தெருவில் திரும்புவது? பையன் நின்றுவிட்டான். லுக்மா கிடைத்தது. ஓதினான், மறுபடியும் நின்றான். மணி அடித்துவிட்டார்கள்.

மேடைக்குப் பின்னால் என் ஆம்ப்ளிபயர் பெட்டி மேல் வந்து உட்கார்ந்தான். அழவில்லை, தொப்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். சட்டையில் பச்சை ரிப்பன் குத்திய தன்னார்வலர் ஒருவன் வந்தான். கல்லூரி முதல் வருடம் இருக்கும். 'பரவாயில்லை, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்' என்பான் என்று நினைத்தேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "எந்த இடம்?" என்று மட்டும் கேட்டான். பையன் சொன்னான். அங்கிருந்து இவன் ஓத ஆரம்பித்து, சரியாக அதே இடத்தில் நின்றுவிட்டான். பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவனுக்கு அவன் லுக்மா கொடுத்தான்! அதன்பின் இரண்டு பேருமாகக் கடைசி வரை ஓதி முடித்தார்கள்.

அவன் வேண்டுமென்றே நின்றானா, உண்மையிலேயே மறந்துபோனானா என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

பச்சை ரிப்பன்காரர்கள் எல்லோரையும் சாப்பிட வைத்துவிட்டு மூன்றரை மணிக்குத்தான் நெய்ச்சோற்றில் கை வைத்தார்கள். கூட்டம் கலைந்ததும், நான் கேட்காமலே என் கேபிள்களையெல்லாம் சுற்றிக் கொடுத்தார்கள். முழங்கையில் முறுக்கி முறுக்கிச் சுற்றியிருந்தார்கள். வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் பிரித்துச் சுற்ற ஒரு மணி நேரம் ஆனது.

ஏற்காட்டு அம்மா:

என் மகள் அதே போட்டியில் பேசினாள். ஏற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் மலை இறங்கினோம். 20 கொண்டை ஊசி வளைவுகளில் பன்னிரண்டாவதுக்குள் மூன்று முறை வாந்தி. மண்டபத்துக்கு வந்தபோது முகம் வெளுத்து, சீருடையில் கறை. வாசலில் நின்ற பெண் பிள்ளை எங்களைப் பார்த்ததும் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "அக்கா, இப்படி வாருங்கள்" என்று உள்ளே அழைத்துப்போய், தன் துப்பட்டாவைக் கொடுத்துக் கறையை மறைத்தாள். இன்னொருத்தி நடுவரிடம் கேட்டு, நான்காவதாக இருந்தவளைக் கடைசிக்கு மாற்றினாள். யாரோ எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார்கள், காசு வாங்கவில்லை.

ஓடுகிற ஆற்றில் ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நபிமொழியைப் பற்றித்தான் பேசினாள். எங்கள் ஊரில் கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பதையும் சேர்த்துக்கொண்டாள். அது நான் எழுதிக் கொடுத்ததில் இல்லை. பரிசு கிடைக்கவில்லை. துப்பட்டா இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். யாருடையது என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

பச்சை ரிப்பன்களில் ஒருவன்:

இவ்வளவு பாராட்டுக்கு நாங்கள் தகுதியில்லை. ஒன்பது மணி நிகழ்ச்சியைப் பத்தரைக்குத் தொடங்கினோம். சிறப்பு விருந்தினர் பேச்சு நீண்டுகொண்டே போக, துண்டுச்சீட்டு கொடுக்க எங்களில் ஒருவருக்கும் துணிவில்லை. மூன்று பாத்திமாக்களின் சான்றிதழ்கள் மாறிப்போய், ஒருவர் வீட்டுக்கு லைன்மேடு வரை போய் மாற்றிக் கொடுத்தோம். துப்பட்டாவை விசாரிக்கிறேன் அக்கா.

மைக் செட் அண்ணா, அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து ஓதியவன் என் நண்பன். வேண்டுமென்றேதானா என்று நேற்று அவனிடம் கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல், "கேபிளை எப்படிச் சுற்ற வேண்டும் என்று அண்ணனிடம் கேள்" என்றான்.

செவ்வாய்ப்பேட்டை மைக் செட்காரர்:

முழங்கையில் வேண்டாம் தம்பி. தரையில் எட்டுப் போடுவதுபோல் போட்டுக்கொண்டே போங்கள், முறுக்கு விழாது. அடுத்த வருடம் நேரில் காட்டுகிறேன்.