உள்பலகை அடித்து மூடிய பிறகு நீங்கள் பார்த்தது என்ன? மரக்குடில் கட்டியவர்களின் அனுபவப் பகிர்வு

மேட்டுக்குடில்

ஒரு விஷயம் மனதைப் போட்டு அரித்துக்கொண்டே இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். மரச்சட்டம் நிறுத்தியது, கூரை போட்டது, சட்டங்களுக்கு நடுவே கிளாஸ் வூல் (வெப்பத்தைத் தடுக்கும் கண்ணாடிக் கம்பளி) வைத்தது எல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை, அதற்குள் போகவில்லை. உள்பலகை அடித்து, வார்னிஷ் பூசி, குளிர்காலத்தில் குடும்பத்தோடு தங்கியும் ஆகிவிட்டது. கட்டில் பக்கம் ஒரு விளக்குக்கு வயர் இழுக்க வேண்டும் என்று சுவிட்ச் பெட்டிக்கு மேலே இருந்த ஒரு பலகையை மட்டும் கழற்றினேன்.

உள்ளே கை வைத்தால் கம்பளி சொதசொதவென்று இருந்தது. அதை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளிச்சுவர் ப்ளைவுட்டின் உள்முகத்தில் முத்து முத்தாக நீர் நிற்கிறது. விரலால் தடவினால் வழிந்து ஓடுகிறது. பெட்டிக்கு நேர் மேலே உள்ள அந்த ஒரு கட்டத்தில்தான் இப்படி. இரண்டு சட்டம் தள்ளி இன்னொரு பலகையைக் கழற்றினால் கம்பளியும் காய்ந்திருக்கிறது, மரமும் காய்ந்திருக்கிறது. மழை பெய்து வெகுநாள் ஆகியிருந்தது. கூரையில் ஏறியும் பார்த்துவிட்டேன், ஒழுக்கு எங்கும் இல்லை.

நாங்கள் விட்ட மூச்சு, கொதித்த கெட்டில், உள்ளே காயப்போட்ட துணி, இதெல்லாம்தான் அந்தத் தண்ணீர். அறைக்குள் 20 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் இருந்தாலே, அந்தக் காற்று 9 டிகிரிப் பரப்பில் பட்டதும் நீராகிவிடும். வெளிச்சுவரோ அதைவிடச் சில்லென்று இருந்தது. அறையின் ஈரம் சுவருக்குள் போகாமல் இருக்க, உள்பக்கம் பிளாஸ்டிக் தாள் அடித்து ஒட்டுகளிலெல்லாம் டேப் போட்டிருந்தது. மின்வேலைக்கு வந்தவர் பெட்டிக்காக வெட்டிய ஓட்டையைச் சுற்றி மட்டும் விரல் நுழையும் அளவுக்குச் சந்து.

இப்போது எந்தச் சுவரைப் பார்த்தாலும் அதன் பின்னால் என்ன நடக்கிறதோ என்றுதான் தோன்றுகிறது. குடிலை முடித்த பிறகு உங்களுக்கு இப்படி ஏதாவது எதிர்ப்பட்டிருந்தால் எழுதுங்கள்.

உப்புத்தாள்

எங்களுக்கு நடந்தது சுவருக்குப் பின்னால் இல்லை, கண்ணெதிரே. மரத்தரைக்கு லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) ஏற்றினோம், நானும் மச்சானும். மிச்ச எண்ணெயைத் துடைத்து எடுப்போம் இல்லையா, அந்தத் துணிகளையெல்லாம் மச்சான் சுருட்டி அட்டைப்பெட்டியில் போட்டு மூலையில் வைத்திருந்தார். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தால் ஒரு வாடை. பூசும்போது வந்த வாடை வேறு, இது கடாயில் எண்ணெய் காந்தும்போது வருகிற நெடி.

பெட்டிக்குள் கை விட்டேன். மேலே இருந்த துணி சாதாரணமாகத்தான் இருந்தது. அதற்கு அடியில் இருந்ததைத் தொட்டதும் கையை உதறிவிட்டேன், அவ்வளவு சூடு. துணியின் நடுப்பகுதி பழுப்பேறியிருந்தது, மடிப்பிலிருந்து மெல்லிசாகப் புகை. பெட்டியோடு தூக்கி வெளியே மண்ணில் கொட்டினோம். காற்றுப் பட்டதும் ஒரு துணியின் ஓரம் கனன்று சிவந்தது. மச்சான் வாளித் தண்ணீரை அப்படியே கவிழ்த்தார்.

பக்கத்தில் தீக்குச்சி இல்லை, அடுப்பு இல்லை, வயர் இல்லை. உள்ளே இருந்ததெல்லாம் புது மரம், கூட்டாமல் கிடந்த மரச்சீவல். சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்சம் கண் அசந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் உள்ளங்கை கூசுகிறது.

தெற்குச்சன்னல்

மேட்டுக்குடில் சார், பெட்டி ஓரத்துச் சந்துதான் குற்றவாளி என்கிறீர்கள். என்னைக் கேட்டால் உள்பக்கம் பிளாஸ்டிக் அடித்ததே வினை. நான் இருப்பது வெயிலும் புழுக்கமும் உள்ள இடம். குடிலில் ஏசி ஓடும். ஒரு மூலையில் பலகை உப்பியதும் கழற்றிப் பார்த்தேன். பிளாஸ்டிக் தாளின் பின்பக்கத்தில், அதாவது சுவரைப் பார்த்த பக்கத்தில், தண்ணீர் கோடு கோடாக இறங்கியிருந்தது. பலகையின் முதுகில் கரும்பூஞ்சை. உங்களுக்கு உள்ளே இருந்து வெளியே போன ஈரம், எனக்கு வெளியே இருந்து உள்ளே வந்திருக்கிறது. என் கதை அவ்வளவுதான்.

ஆனால் இனிமேல் கட்டப்போகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஈரம் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குப் போகும். குளிர்ப் பிரதேசத்தில் வருஷத்தின் பெரும்பகுதி சூடான பக்கம் அறையின் உள்பக்கம், அதனால் தடுப்பு உள்ளே வரும். புழுக்கமான ஊரில் ஏசி போட்டால் எல்லாம் தலைகீழ். அங்கே உள்ளே பிளாஸ்டிக் அடித்தால் சுவருக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கிறோம் என்று அர்த்தம். எந்த ஊராக இருந்தாலும் சுவர் ஏதாவது ஒரு பக்கமாகக் காய வழி இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் அடைத்துவிட்டால் உள்ளே போன ஈரத்துக்குப் போக்கிடம் கிடையாது. காய்ந்திருக்கும்போது ஈரத்தைத் தடுத்து, ஈரமானதும் திறந்துகொடுக்கும் தாள்களும் உண்டு. பருவத்துக்குப் பருவம் வெப்பம் மாறுகிற இடத்துக்கு அதுதான் சரி.

அடுத்து, வெளிப்பலகையை நேராகச் சுவரோடு சேர்த்து அடிக்காதீர்கள். இடையில் செங்குத்தாக ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து, கீழேயும் மேலேயும் காற்றுப் போக வழி விட்டு, அந்தத் திறப்புகளில் பூச்சிவலை அடியுங்கள். பலகையைத் தாண்டி வரும் மழைத்தண்ணீர் அந்தச் சந்திலேயே இறங்கிவிடும், மிச்ச ஈரம் காற்றில் காய்ந்துவிடும். அப்புறம், உள்பக்கம் மூடும் முன் சட்டங்களில் ஈரமானியைக் குத்திப் பாருங்கள். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சை வளராது. அதற்கு மேலே இருக்கும்போது மூடினால் எந்தத் தாளும் காப்பாற்றாது. மீட்டர் இல்லாவிட்டால் யாரிடமாவது இரவல் வாங்குங்கள், கை வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேல்பக்கம் காய்ந்த சட்டம் நடுவில் பச்சையாக இருக்கும்.

நீலக்கதவு

எங்கள் வீட்டில் சின்ன விஷயம், ஆனால் தினமும் கண்ணில் படுகிறது. உள்பக்கம் முழுக்க நாக்கும் காடியும் உள்ள பைன் பலகை, அதாவது ஒன்றின் ஓரத்து நாக்கு அடுத்ததன் ஓரத்துப் பள்ளத்தில் செருகிக்கொள்ளும். அடித்து முடித்துக் கருநீலம் பூசினோம். அவ்வளவு அழகாக இருந்தது. கணப்பு எரிய ஆரம்பித்துக் கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் திரையை விலக்கினேன். வெயில் சாய்வாகச் சுவரில் விழுகிறது. ஒவ்வொரு பலகைக்கும் நடுவே மேலிருந்து கீழே வரை ஒரு வெள்ளைக் கோடு. சுவர் முழுக்கக் கோடு. பலகை சுருங்கி, பெயிண்ட் படாத நாக்கு வெளியே தெரிகிறது.

விசாரித்ததில் தெரிந்தது: மரம் நீளவாக்கில் சுருங்குவது இல்லை என்றே சொல்லலாம், எல்லாம் அகலத்தில்தான். 100 மில்லிமீட்டர் அகலப் பைன் பலகை நாலு சதவீத ஈரத்தை விட்டால் சுமார் ஒரு மில்லிமீட்டர் குறையும். அடர்நிறம் பூசுகிறவர்கள் பலகையை அந்த அறையிலேயே அடுக்கி, இடையில் குச்சி வைத்துக் காயவிட்டு, நாக்குக்கு முதலில் நிறம் அடித்துவிட்டுப் பிறகு சுவரில் ஏற்றுங்கள். கூரைப் பலகையிலும் உச்சியில் ஒரு சந்து விட்டிருக்கிறது, அதுவும் காய்ந்ததால்தான் போல.

மேட்டுக்குடில்

தெற்குச்சன்னல் சார், உங்கள் ஊருக்கு நீங்கள் சொல்வது சரி. எங்கள் ஊரில் உறைபனி விழும், தாள் உள்பக்கம்தான் இருக்க வேண்டும். தாள்தான் காரணம் என்றால் சுவர் முழுக்க நனைந்திருக்க வேண்டும் இல்லையா? பெட்டிக்கு மேலே மட்டும் ஏன்? பலகையையும் தாளையும் ஊடுருவிப் போகும் ஆவி கொஞ்சம்தான். ஒரு சந்து வழியாகக் காற்றே போகும்போது கூடவே போகிற ஈரம் அதைப்போலப் பல மடங்கு. ஊதுபத்தியைப் பெட்டி ஓரத்தில் பிடித்துப் பார்த்தேன், புகை நேராக உள்ளே இழுத்துக்கொண்டு போனது. இப்போது காற்றுப் புகாத பெட்டி மாற்றி, தாளை அதன் விளிம்போடு ஒட்டிவிட்டேன். நனைந்த கம்பளியையும் எடுத்துவிட்டேன். ரீப்பர் இடைவெளி பற்றி எழுதினீர்களே, அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன்.

பட்டறைக்காரன்

உப்புத்தாள் சொல்வதை நம்பக் கஷ்டமாக இருக்கிறது. எங்கள் பட்டறையில் கிரீஸ் துணி, இன்ஜின் ஆயில் துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கும். ஒன்றும் தானாகப் பற்றியது கிடையாது. உங்கள் பெட்டியில் வேறு ஏதோ விழுந்திருக்கும்.

உப்புத்தாள்

அண்ணே, இன்ஜின் ஆயில் காய்வதில்லை, அதனால் பற்றுவதும் இல்லை. லின்சீட் காயும் எண்ணெய். அது காய்வது தண்ணீர் ஆவியாவது மாதிரி கிடையாது, காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெட்டியாகிறது. சேரும்போது சூடு வரும். தரையில் மெல்லிசாகப் பரவியிருந்தால் அந்தச் சூடு தெரியாமலே போய்விடும். துணியைச் சுருட்டினால் காற்று உள்ளே போகும், சூடு வெளியே வராது. சூடு ஏற ஏற வேகமும் ஏறும்.

1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் எரிந்தது. மரப்பலகைகளைப் புதுப்பித்தவர்கள் 22ஆம் மாடியில் விட்டுப்போன லின்சீட் துணிகளிலிருந்துதான் தீ கிளம்பியது. மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். 30ஆம் மாடியில் தானியங்கி நீர்த்தெளிப்பான் இருந்ததால்தான் தீ அங்கே நின்றது. தயவுசெய்து துணியைச் சுருட்டி வைக்காதீர்கள். வெளியே ஒவ்வொன்றாக விரித்துக் கொடியில் போடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் முக்கி மூடுங்கள்.

அப்பாவும் நானும்

உப்புத்தாள் அண்ணா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். உடனே எழுந்து போய்ச் சாமான் அறையைப் பார்த்துவிட்டு வந்தார்.

எங்களுடையது கரண்ட் கதை. குடில் முடிந்து எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கெட்டில் போட்டால் மட்டும் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணைந்துவிடும் பாதுகாப்பு சுவிட்ச்) விழ ஆரம்பித்தது. விளக்கு மட்டும் எரிந்தால் விழாது. கெட்டிலை மாற்றினோம், அப்போதும் விழுந்தது. வேறு பிளக்கில் மாட்டினோம், அங்கேயும் விழுந்தது. பார்க்க வந்தவர், எல்லாப் பலகையையும் கழற்றினால்தான் தெரியும் என்றார்.

அப்பா மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும், தரையிலிருந்து அளவு டேப்பை நீட்டிப் பிடித்துக்கொண்டு, என்னைப் படம் எடுக்க வைத்திருந்தார். அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தோம். ஒரு படத்தில் வயர் சட்டத்தின் முன்னோரத்தை ஒட்டியே போகிறது. அதே உயரத்தில்தான் இப்போது அலமாரி தொங்குகிறது. மெயினை அணைத்துவிட்டு அலமாரியின் ஒரு ஸ்க்ரூவைத் திருகி எடுத்தோம். அதன் மரையில் செம்பு ஒரு இழை ஒட்டிக்கொண்டு வந்தது, பளபளவென்று. அப்பா அதை வாங்கிப் பார்த்தவர் ஒன்றும் பேசவில்லை, தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஸ்க்ரூ நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து வைத்திருக்கிறது. லோடு அதிகமாகும்போது திரும்பி வரும் கரண்டில் ஒரு பங்கு எர்த் வழியாகப் போய், 30 மில்லி ஆம்பியரைத் தாண்டியதும் சுவிட்ச் விழுந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் தள்ளி ஃபேஸில் (கரண்ட் வரும் வயரில்) குத்தியிருந்தால், அலமாரியின் இரும்புக் கொக்கியைத்தான் நான் தினமும் தொடுவேன். மெயினைப் போடும் முன் அந்த வயரை மாற்றினோம். வயர் ஓரமாகப் போகும் இடங்களில் சட்டத்தின் மேல் இரும்புத் தகடு அடித்திருக்கிறோம்.

கைமரம்

நீலக்கதவு, சுவரில் தெரியும் கோடு காய்ந்ததால்தான், சந்தேகமில்லை. ஆனால் போகிற போக்கில் கூரை உச்சிச் சந்தையும் அதோடு சேர்த்துவிட்டீர்கள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நண்பர் ஒருவர் குடிலுக்குப் போயிருந்தேன். உள்ளே நல்ல உயரம் வேண்டும் என்று கைமரங்களுக்கு (கூரையைத் தாங்கும் சாய்வு மரங்களுக்கு) குறுக்கே இருந்த விட்டங்களை எடுத்துவிட்டு, சரிவு நெடுகப் பலகை அடித்திருந்தார். முகட்டில் தாங்கும் உத்தரம் கிடையாது, வெறும் பலகைதான். படுத்துக்கொண்டு மேலே பார்த்தேன். உச்சியில் இரண்டு சரிவும் சேரும் இடத்தில் ஒரு சந்து. ஏணி போட்டு ஏறி விரலை வைத்தேன். குடிலின் நடுப்பகுதியில் விரல் நுழைகிறது, இரண்டு முனையிலும் தாள்கூட நுழையவில்லை. காய்ந்த சந்து அப்படி இருக்காது, நெடுக ஒரே மாதிரி இருக்கும். வெளியே வந்து நீளச்சுவரின் மேல்சட்டத்தில் மூலைக்கு மூலை நூல் பிடித்தோம். சுவர் நடுவில் வெளியே பிதுங்கி நூலைத் தள்ளிக்கொண்டு நின்றது. கைமரங்கள் பாரத்தில் கால் பரப்பிச் சுவரைத் தள்ளியிருக்கின்றன. முனையில் முக்கோணச் சுவர் இழுத்துப் பிடிப்பதால் அங்கே மட்டும் அசையவில்லை.

அன்றைக்கே முகட்டுக்கு முட்டுக் கொடுத்தோம். அப்புறம் சங்கிலி இழுப்பான் போட்டுச் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கொண்டுவந்து விட்டங்களைத் திரும்ப மாட்டினோம். கூரை உயரத்தில் கீழ் மூன்றில் ஒரு பங்குக்குள் விட்டம் வந்தால்தான் அது இழுத்துப் பிடிக்கும், உச்சிக்குப் பக்கத்தில் வைத்தால் பிரயோஜனம் இல்லை. உங்கள் சந்து எப்படி இருக்கிறது, முனைக்கும் நடுவுக்கும் வித்தியாசம் உண்டா? இன்றே பாருங்கள்.

நீலக்கதவு

படித்ததும் ஏணியை எடுத்துவிட்டேன் கைமரம் சார். சந்து முனையிலிருந்து முனை வரை ஒரே அளவு, ஒரு நாணயத்தை வைத்து நகர்த்திக்கொண்டே போனேன், எங்கேயும் சிக்கவும் இல்லை, தளரவும் இல்லை. வெளியே இரண்டு நீளச்சுவரிலும் நூல் பிடித்தாயிற்று, நேராக இருக்கிறது. எங்களுக்கு முகட்டில் உத்தரம் இருக்கிறது, இரண்டு முனையிலும் தூண் இறங்குகிறது. இருந்தாலும் மேல்சட்டத்தில் நூலுக்கு இரண்டு ஆணி அடித்து அப்படியே விட்டிருக்கிறேன், கூரையில் பனி ஏறிய பிறகு மறுபடி பிடித்துப் பார்க்க. நாக்குக்கு நீலம் அடிப்பதையும் சந்து நன்றாக விரிந்திருக்கும் அந்தச் சமயத்திலேயே வைத்துக்கொள்கிறேன்.