காது மிஷின் விற்கப் போன இடங்களில்

ஈரோடு, சேலம், நாமக்கல் என் ஏரியா. இ.என்.டி. கிளினிக்கில் பையோடு நுழைந்தாலே, "மருந்து ரெப்பா? ரெண்டு மணிக்கு மேல வாங்க" என்பார்கள். மருந்து இல்லை, காது மிஷின் என்று சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் ஆபரேஷனுக்குப் போயிருப்பார். அது பழகிவிட்டது.

எழுத நினைத்தது வேறு. குமாரபாளையத்தில் ஒரு டீலர் சென்டருக்கு டெமோ பீஸ் கொடுக்கப் போயிருந்தேன். ஆயுசு முழுக்க விசைத்தறி ஓட்டிய பெரியவரை மகன் கூட்டி வந்திருந்தார். "வேணும்னே காதுல வாங்காத மாதிரி இருக்காருங்க" என்று மகன் புகார். பெரியவர் மெதுவாகச் சொன்னார்: "சத்தம் கேக்குதுங்க தம்பி. என்ன பேசறாங்கன்னுதான் வெளங்க மாட்டேங்குது."

எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று கோடாகக் காட்டும் ஆடியோகிராமும் அதையேதான் சொன்னது. 500 ஹெர்ட்ஸில் பரவாயில்லை. 4000 ஹெர்ட்ஸில், அதாவது கீச்சு ஒலிகளில், கோடு கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. தறிச்சத்தத்தில் வருஷக்கணக்காக இருந்த காதுகளில் இது சகஜம். ச, ஸ, ஃப மாதிரி ஒலிகள் இருப்பது அந்த உயர்ந்த பக்கத்தில். மகன் கத்தக் கத்த உயிரொலிதான் பெருகும், மெய் தெளியாது.

காதைச் சோதித்து மிஷின் பொருத்தும் ஆடியாலஜிஸ்ட் மாட்டி ஆன் செய்ததும், "தகர டப்பாவுக்குள்ள பேசறாப்ல இருக்குதுங்க" என்றார் பெரியவர். அந்தம்மா கீச்சுப் பக்கத்தைக் கொஞ்சம் குறைத்து, முதலில் வீட்டுக்குள் மட்டும் போடச் சொன்னார். எங்கள் புரோஷர் முதல் பக்கமே ப்ளூடூத். பெரியவர் சட்டைப்பையில் பட்டன் போன். நான் புரோஷரை எடுக்கவே இல்லை.

வாங்கிய கொஞ்ச நாளில் போன்: புது பேட்டரி போட்டாலும் மிஷின் ஓடவில்லையாம். போய்ப் பார்த்தால், அட்டையில் இருந்த ஆறு பேட்டரிக்கும் ஸ்டிக்கரை உரித்து அலமாரியில் வரிசையாக வைத்திருக்கிறார். "ஒவ்வொருக்காவும் உரிக்க வெரலு வர மாட்டேங்குதுங்க. அதான் ஒரே மூச்சா." இந்த ஜிங்க்-ஏர் பேட்டரிக்கு ஸ்டிக்கரை எடுத்ததும் காற்று பட்டு வேலை தொடங்கிவிடும்; மிஷினில் போட்டாலும் போடாவிட்டாலும் தீரும். திரும்ப ஒட்டியும் பெரிய பலனில்லை. இப்போதெல்லாம் பேட்டரி பாடம் மருமகளுக்கோ பேத்திக்கோதான். டார்கெட் மீட்டிங்கில் இதற்கு மார்க் கிடையாது. ஆனால் அந்தத் தெருவிலிருந்து அடுத்த ஆள் வந்தது இதனால்தான்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு பதில்:

அண்ணா, எங்க பக்கம் பேட்டரியைவிட ஈரம்தான் வில்லன். மழைக்காலத்துல காதுக்குள்ள வைக்கிற மோல்டுக்குப் போற குழாய்க்குள்ள நீர்த்துளி நின்னு சத்தம் அடைச்சிரும். ராத்திரி சிலிக்கா ஜெல் டப்பால போட்டு வைங்கன்னு சொன்னா, ஒரு பாட்டி அரிசிப் பானைக்குள்ள போட்டு வச்சிருந்தாங்க. மைக் ஓட்டையெல்லாம் தவிட்டுத் தூசி. 'ரிப்பேர்'னு வர்றதுல நிறைய, ஃபில்டர்ல குறும்பி அடைச்சதுதான். மாத்திக் குடுத்தா அங்கயே பேசும். அப்புறம், நீல ஸ்டிக்கர் 675 பேட்டரி இங்க ஸ்டாக் இல்லை. உங்க டீலர்கிட்ட இருந்தா ரெண்டு பாக்ஸ் பஸ்ல போட்டு விட முடியுமாண்ணா?