தண்ணீரை எரித்த கதை

"தண்ணீரைப் போய் எரிக்கிறீர்களா?" என்று அத்தை, அதாவது என் மாமியார், இன்றைக்கும் கேட்கிறார். சுத்திகரிப்புத் தொட்டியின் நுண்ணுயிர்களையே கொன்றுவிடும் ரசாயனக் கழிவுநீர், அதனால்தான் எரிக்கிறோம் என்று சொன்னால் தலையாட்டுவார். அடுத்த வாரம் மறுபடியும் கேட்பார்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆலைக் கழிவுகளை எரிக்கும் ஓர் எரிஉலையில் ஷிப்டு பார்த்தபோது நடந்தது இது. மூர் மார்க்கெட் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில், பழக்கமான ஆலையின் டேங்கர்தானே என்று ஆய்வக முடிவு வருமுன்பே கையெழுத்துப் போட்டேன். கழிவோடு ஆலை அனுப்பிய சீட்டில் 'உப்பு குறைவு' என்று இருந்தது. ரயில் கிளம்புவதற்குள் திரும்ப அழைத்துவிட்டார்கள்.

உலையின் பார்வைத் துளையில் கண் வைத்தேன். கூம்பாக விரிய வேண்டிய கழிவுநீர்த் தெளிப்பு, ஒரு பக்கமாகச் சாய்ந்து சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. புகையை மறுபடி எரிக்கும் இரண்டாம் அறையில் 1,100 டிகிரி நிற்க வேண்டும், புகை அங்கே 2 விநாடியாவது தங்க வேண்டும்; இல்லாவிட்டால் நஞ்சு முழுதாக அழியாமல் புகைபோக்கி வழியே ஊருக்குப் போய்விடும். வெப்பம் இறங்கியதும் கழிவுநீர் வரத்து தானாக நின்றுவிட்டது. அந்த வரை பிழைத்தோம். கழற்றிய நாசில் (தெளிப்புக் குழாய்) முனையில் வடாம் பிழிந்ததுபோல் வெள்ளை உப்பு. சோற்றுப்பே 801 டிகிரியில் உருகிவிடும். உள்ளே செங்கல் சுவரில் கண்ணாடிபோல் வழிந்து உறைந்திருந்தது. தட்டினால் செங்கலும் சேர்ந்து உதிர்ந்தது. 11 நாள் உலை அணைந்து கிடந்தது. மேலாளர் திட்டவில்லை, அதுதான் உறுத்தியது.

மறுமொழி: நான் கழிவை அனுப்புகிற ஆலைப் பக்கம், மணலி. கழிவோடு போகும் ஏழு நிறச் சீட்டில், பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியான நீலப் பிரதி உங்களிடமிருந்து திரும்பி வரும்வரை எனக்குத் தூக்கம் வராது. அந்த ஆலை பொய் எழுதியிருக்கும் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடாதீர்கள். கழிவை ஆலையில் வைத்திருக்க உள்ள 90 நாள் கெடுவுக்குள் அனுப்பும் அவசரத்தில் நாங்களும் தொட்டியின் மேல்மட்டத்தில் மட்டும் மாதிரி மொண்டிருக்கிறோம். அடியில் கை ஆழத்துக்கு உப்புச் சேறு இருந்தது, தொட்டி கழுவிய அன்றுதான் தெரிந்தது.

முதலில் எழுதியவர்: அப்படியும் இருக்கலாம், சார். அதன் பிறகு எங்கள் கேட்டில் மேல், நடு, அடி என்று மூன்று பாட்டில் நிரம்பினால்தான் டேங்கர் உள்ளே வரும். டிரைவர்கள்தான் பாவம், டீக்கடையில் காத்துக் கிடக்கிறார்கள்.