வண்டியில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனைக் கழற்றிவிட்டு கார்புரேட்டர் மாட்டியவர்கள்: பெட்ரோல் லைனில் என்ன நடந்தது?

#1
டேங்குக்குள் இருக்கும் பழைய பம்ப்பே போதும், முன்னால் அழுத்தத்தைக் குறைக்க ஒரு ரெகுலேட்டர் மாட்டிவிடலாம் என்றார் மெக்கானிக். சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர்கூட சுற்றவில்லை, பம்ப் ஓடும் சத்தம் மட்டும். அதற்குள் கார்புரேட்டரின் வென்ட் (காற்றுத் துளை) வழியாகப் பெட்ரோல் பொங்கி இன்ஜின் மேனிஃபோல்டு மேல் வழிய ஆரம்பித்துவிட்டது. பேட்டரி ஒயரைப் பிடுங்கும்வரை எனக்கு மூச்சே வரவில்லை. அந்த பம்ப் 40 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) அழுத்தத்துக்கு மேல் தள்ளுகிறது. கார்புரேட்டருக்கு 4 முதல் 7 வரை போதும்; அதைத் தாண்டினால், கார்புரேட்டர் நிரம்பியதும் பெட்ரோலை அடைக்கும் நீடில் வால்வு மூடி நிற்காது. இன்ஜின் சூடாக இருந்திருந்தால்?

#2
எனக்கு வெளியே ஒரு சொட்டு வழியவில்லை. டிப்ஸ்டிக்கை உருவினேன், ஆயில் மட்டம் ஏறியிருந்தது! முகர்ந்தால் பெட்ரோல். நிரம்பி வழிந்ததெல்லாம் சிலிண்டர் வழியாக ஆயில் சட்டிக்குள் இறங்கியிருக்கிறது. அந்த ஆயிலோடு இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் பேரிங் போயிருக்கும்.

#3
முதல் பதிவுக்காரர் பம்ப் மேல் பழி போடுவதை நான் ஏற்கவில்லை. என் வண்டியில் அதே வகை பம்ப்தான், இன்றுவரை பெட்ரோல் பிரஷர் கேஜ் முள் 6-ஐத் தாண்டவில்லை. வித்தியாசம் ரெகுலேட்டரில். வழியை அடைத்து அழுத்தத்தைக் குறைக்கும் வகை இதற்கு ஆகாது. மிச்சத்தை டேங்குக்கே திருப்பிவிடும் பைபாஸ் வகை வேண்டும். அதற்காகப் பழைய ரிட்டர்ன் லைனை (டேங்குக்குத் திரும்பும் குழாயை) கழற்றிவிடாதீர்கள். அது ஒடுக்கமாக இருந்தால் அங்கேயே அழுத்தம் ஏறும். புது லோ பிரஷர் பம்ப் வாங்குவதாக இருந்தால் டேங்குக்குப் பக்கத்தில், தாழ்வாக மாட்டுங்கள். அந்த பம்ப்புகள் நன்றாகத் தள்ளும், இழுப்பதில் பலவீனம். லைன் எக்ஸாஸ்ட் பக்கம் போகவே கூடாது, பெட்ரோல் ஆவியாகிக் குமிழி கட்டும். கேஜை கார்புரேட்டர் வாயிலேயே வையுங்கள்.

#4
அழுத்தம் சரி, பம்ப்பை நிறுத்துவது யார்? நண்பரின் கார் மோதி நின்றது. இன்ஜின் அணைந்துவிட்டது, பின்னால் பம்ப் மட்டும் டக் டக் என்று ஓடுகிறது, அறுந்த ஹோஸிலிருந்து பெட்ரோல் தரையில் கொட்டுகிறது. இன்ஜின் நின்றால் பம்ப்பை வெட்டும் வேலையை முன்பு ஈசியூ (இன்ஜெக்‌ஷனின் கம்ப்யூட்டர்) பார்த்தது. அதைக் கழற்றிய பிறகு ஆயில் பிரஷர் இருந்தால் மட்டும் கரண்ட் விடும் ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாகத்தான் பம்ப்புக்கு கரண்ட் போக வேண்டும். #3, உங்கள் வண்டியில் அது இருக்கிறதா? இருந்தால், ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் பிரஷர் வரும்வரை பம்ப்புக்குக் கரண்ட் எங்கிருந்து எடுத்தீர்கள், ஸ்டார்ட்டர் ஒயரிலிருந்தா?