எடோவில் ஒழுங்கைக் காத்தது தெருக்கதவா, அரிசியா?

கோட்டையகழி:
ஷோகுன் என்ற படைத்தலைவர்கள் ஜப்பானை ஆண்ட டோகுகாவா காலத்தில் (1603–1868) எடோ, அதாவது இன்றைய டோக்கியோ, அடங்கி இருந்ததற்குத் தெருமுனைக் கதவே காரணம் என்கிறேன். 1721 கணக்கெடுப்பில் நகரவாசிகள் மட்டும் சுமார் 5 லட்சம். அவர்களுக்கு நகர நீதிபதிகள் இருவர்தான். இரவு 10 மணி வாக்கில் கிதோ என்ற மரக்கதவை அடைப்பார்கள். மருத்துவச்சி வந்தால் திட்டிவாசலைத் திறந்துவிட்டு, காவல்காரர் கட்டையைத் தட்டி அடுத்த கதவுக்குத் தெரிவிப்பார். திருடன் எங்கே ஓடுவான்?

கிணற்றடி:
1657 மெய்ரெக்கி பெருந்தீயில் கதவு என்ன செய்தது? கைதிகள் பிழைக்கட்டும் என்று சிறைத் தலைவர் அவர்களை விடுவித்தார். சிறை உடைந்துவிட்டதாக வதந்தி கிளம்பவே அசாகுசா வாயிலை அடைத்தார்கள். தப்பி வந்த கூட்டம் அங்கேயே சிக்கி மாண்டது.

கோட்டையகழி:
இரண்டைக் குழப்புகிறீர்கள். அது மித்சுகே, கோட்டை வெளியகழியின் வாயில். ஷோகுன் ஆட்கள் வசம் இருந்தது. கிதோ தெருக்காரர்கள் செலவில் நின்றது. கூலி பத்தாமல் அதன் காவல்காரர் வைக்கோல் செருப்பு, மிட்டாய், குளிர்காலத்தில் சுட்ட சர்க்கரைவள்ளி விற்றுப் பிழைத்தார்.

கிணற்றடி:
மித்சுகே பற்றிய திருத்தம் சரி, ஏற்கிறேன். ஆனால் கிதோவுக்கு உள்ளே வாருங்கள். தெருவோரம் கடைகள், பின்சந்தில் வரிசை வீடுகள். ஒரு வீடு 9 ஷாகு அகலம், 12 ஷாகு ஆழம், ஏறத்தாழ 2.7க்கு 3.6 மீட்டர். மண்தரையும் அடுப்பும் அதற்குள்ளேயே. கழிப்பறையும் கிணறும் பொது. பல கிணறுகளில் ஊற்றே கிடையாது. டமாகவா கால்வாய் நீர் ஹமுராவிலிருந்து 43 கிலோமீட்டர் வந்து, மரக்குழாய் வழியே அங்கே விழும். ஒருவர் தவறுக்கு மற்றவரும் பொறுப்பேற்கும் ஐவர் குழுவில் இந்தக் குடித்தனக்காரர்களுக்கு இடமில்லை. மனைக்காரர்களும், அவர்கள் வைத்த ஓயா என்ற மேற்பார்வையாளர்களுமே அதில் இருந்தார்கள். ஓயாதான் புதிதாக வருபவருக்கு ஜாமீன் கேட்பார், சண்டை தீர்ப்பார். கழிப்பறை மலத்தை உழவர்களுக்கு விற்ற காசும் அவருக்கே. சந்தில் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாமல் போகாது. காவல் அங்கேதான் இருந்தது.

நெற்களஞ்சியம்:
இருவரும் 1787ஐ விட்டுவிட்டீர்கள். அரிசி விலை ஏறியதும் எடோ முழுக்க அரிசிக் கடைகளை நாள்கணக்கில் உடைத்தார்கள். கதவும் தடுக்கவில்லை, ஓயாவும் தடுக்கவில்லை. ஷோகுன் அரசின் தலைமை அமைச்சர் மத்சுதைரா சதனோபு கண்ட மருந்து வேறு: 1791இல் தெருச் செலவைக் குறைக்கச் சொல்லி, மிச்சத்தில் 10க்கு 7 பங்கை ஒதுக்கி, நெல் சேமிக்கவும் கடன் கொடுக்கவும் வைத்தார். 1837இல் பஞ்சம் முற்றி ஒசாகாவில் முன்னாள் காவல் அதிகாரி ஓஷியோ ஹெய்ஹாச்சிரோவின் கலகம் வெடித்தபோது, எடோவில் அப்படி எதுவும் நடக்கவில்லை.

கோட்டையகழி:
களஞ்சியம் இருந்தும் 1866இல் எடோவில் மறுபடி உடைத்தார்களே?

நெற்களஞ்சியம்:
உடைத்தார்கள். துறைமுகங்கள் திறந்த பிறகு விலைவாசி ஏறிக்கொண்டே இருந்தது; அந்த ஆண்டு சோஷூ என்ற சிற்றரசின் மீது ஷோகுன் அரசு நடத்திய படையெடுப்பு வேறு சேர்ந்துகொண்டது. ஒரு பஞ்சத்தைத் தாங்கவே அந்த நெல் சேர்த்தது, போர்க்கால விலையை அதனால் பிடித்து நிறுத்த முடியவில்லை.